அடியில் குனிந்து பார்க்காதவரை எல்லாப் பழைய காரும் அழகுதான்

#1 மண்டபத்தான்

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சின் சத்தம், குரோமியப் பளபளப்பு, ஒரிஜினல் ஹப் கேப் இருந்தால் போதும். நமக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடை அடித்தால் அந்தப் பக்கத்து உப்பு, சோளகம் அடித்தால் இந்தப் பக்கத்து உப்பு. கார் நடுவில் நிற்கிறது, ஊறுகாய்ப் பானையில் போட்ட மாங்காய் மாதிரி.

சும்மா புலம்பவில்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், எந்த உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில்தான் சோதனை நிலையம் வைத்தது. தகடுகளைச் சட்டத்தில் மாட்டிக் காற்றில் விட்டுவிடுவார்கள், அவ்வப்போது எடுத்து எடை போடுவார்கள். எங்கள் பெரியப்பாவும் அதே ஆராய்ச்சியைத்தான் செய்தார். தகட்டுக்குப் பதில் ஒரு அம்பாசிடரை விட்டிருந்தார்.

மார்க் 3. பெரியப்பாவுக்கு வலை வியாபாரம். ஈர வலையை டிக்கியிலும் பின்சீட்டுக் காலடியிலும் அடைத்துக்கொண்டு வருவார். கீழே தென்னைநார் மிதியடி. கடல் தண்ணீரைக் காயவிடாமல் பிடித்து வைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. சில வருஷத்தில் தரை போய்விட்டது. இரண்டு காலுக்கும் நடுவில் ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நான் உச்சிப்புளி வரைக்கும் போயிருக்கிறேன். வெள்ளைக்கோடு வந்தால் ஒரே குதூகலம். அப்புறம் பெரியப்பா ஒரு கடலை எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தி ஓட்டைமேல் வைத்து ரிவெட் அடித்தார். டின்னில் மயில் படம். அன்றிலிருந்து மயில் பக்கம் யார் உட்காருவது என்று எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை.

தப்பு காருடையது இல்லை. காலடியில் கடலை வைத்துக்கொண்டு வந்தவருடையது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியைப் பார்ப்பேன். கல்யாண மண்டப வாசலில் நிற்கிற காருக்கும் அதே மரியாதைதான். வீட்டுக்காரி அந்த நேரத்தில் தள்ளிப்போய் நின்றுகொள்வாள்.

இப்போது தீர்ப்பைச் சொல்கிறேன், அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும். இந்தக் கடற்கரைக்கென்றே பிறந்த பழைய கார் ஒன்றே ஒன்றுதான். ஊரே பார்த்துச் சிரித்த பெங்களூர் பிளாஸ்டிக் கார், சிபானி டால்ஃபின். 1982-ல் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்ற கார்தான் அதன் மாதிரி. 848 சிசி எஞ்சின், பின்சக்கர ஓட்டம், உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். துரு என்கிற வார்த்தையே தெரியாத உடம்பு! எங்கள் தெருவில் அதைச் சோப்பு டப்பா என்று சொல்வோம். சோப்பு டப்பா எங்கேயாவது துருப்பிடிக்குமா?

#2 கீழக்கரை காக்கா

தம்பி, ஆரம்பமே சரியில்லை. மயில் டின் அடித்த பிறகும் அந்த வண்டி ஓடியதா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அம்பாசிடரின் பூர்வீகம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. இங்கிலாந்தில் அந்த வடிவத்தை மறந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். சும்மாவா? எங்கள் வாப்பா வண்டியில் ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். அதனால் முன்சீட்டு முழு பெஞ்சு. முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடிகளில் பிள்ளைகள், டிக்கியில் முண்டு மிளகாய் மூட்டை. ஏர்வாடிக்குப் போய் இறங்கினால் எங்கள் குடும்பம் மொத்தமும் தும்மிக்கொண்டே இறங்கும்.

தடிமனான தகடு தம்பி. துரு தின்னட்டும். தின்று முடிக்க நாளாகும் இல்லையா? உங்கள் சோப்பு டப்பாவில் மாடு சாய்ந்தாலே போச்சு.

#3 பாம்பன் ஃபைபர்

எனக்குத் தொழிலே ஃபைபர் படகு பார்ப்பது. கார் ஞானம் குறைவு. ஆனால் மாடு சாய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

ஒன்றும் ஆகாது. மீறி ஓட்டை விழுந்தால் அரை நாள் வேலை. ஓட்டையைச் சுற்றி நாலு விரற்கடை அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடி மேட்டை, அதாவது கண்ணாடி நார் விரிப்பைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். வெட்டினால் ஓரம் வரப்பு மாதிரி மேலே தெரியும், கிழித்தால் நார் பிரிந்து பழைய ஃபைபரோடு கலந்துவிடும். நாரை ஒட்டுகிற பிசினான ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் அதை இறுக வைக்கிற ஹார்டனர் கூடிவிட்டால், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டப்பாவோடு கல்லாகியிருக்கும். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டும். சின்னக் குமிழி தங்கினாலும் அந்த இடம் பிறகு உரியும்.

படகுக்குச் செய்வதைக் காருக்குச் செய்ய முடியாதா? கார் அலையில் குதிப்பதுகூட இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஃபைபரையும் விடாது. மேல்பூச்சு வெளுத்துக் கைவைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். கதவுக் கீல் பக்கம் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். ‘அழியாத உடம்பு’ என்பதெல்லாம் விற்கிறவன் பேச்சு.

#4 ராம்நாடு ஒர்க்ஷாப்

எல்லாரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். டால்ஃபினுக்கு அடியில் இருப்பது என்ன? இரும்புச் சேசிஸ். மேலே இருக்கிற ஃபைபர் புதுப்பெண் மாதிரி இருக்கும், கீழே சட்டம் அப்பளமாகியிருக்கும். இரும்புப் பாடி வண்டியாவது பொக்கு விட்டு, பெயிண்ட் உப்பி முன்கூட்டியே சொல்லும். இது கடைசிவரை சொல்லாது.

இன்னொன்று, எர்த். இரும்புப் பாடி காரில் பேட்டரியின் ஒரு முனையைப் பாடியில் கொடுத்துவிட்டால் காரே ஒயர். ஃபைபரில் மின்சாரம் ஓடுமா? ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். அந்த ஒயர் முனை ஒவ்வொன்றிலும் பச்சையாக உப்புப் பூக்கும். இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிற மாதிரி விநோதங்கள் எல்லாம் எர்த் கெட்ட ஃபைபர் வண்டியில் நடக்கும்.

அந்த எஞ்சின் அலுமினியம். அதில் இரும்பு போல்ட். நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகம், ஒரு உப்புத்தண்ணீர், பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? அலுமினியம் அரித்து, வெள்ளைப் பவுடராகி, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கழற்றப்போனால் தலை மட்டும் கையோடு வரும்.

#5 மண்டபத்தான்

ஒர்க்ஷாப் அண்ணே, நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேனே.

சேசிஸைப் பற்றிச் சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேசிஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சமாசாரம். குனிந்தால் தெரியும், சுத்தியால் தட்டினால் சத்தம் சொல்லும், பிரஷ் போட்டு எண்ணெய் அடிக்கலாம். அம்பாசிடரில் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சட்டம். அதன் பெட்டிகளுக்கு உள்ளே துரு குடித்தனம் நடத்துவதை யார் பார்க்க முடியும்?

சிபானியின் பழைய பாவத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன். டால்ஃபினுக்கு முன்னால் அவர்கள் ‘பாதல்’ என்று ஒரு மூன்று சக்கரக் கார் விட்டார்கள். 198 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், முன்னால் ஒற்றைச் சக்கரம். நம் ரோட்டில் குழி வந்தால் நாம் என்ன செய்வோம்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டுவோம். பாதலில் நடுவில் விட்டால் முன்சக்கரம் மரியாதையாக உள்ளே இறங்கும். முன்சக்கரத்தை ஒதுக்கினால் பின்சக்கரம் இறங்கும். எந்தக் குழியையும் மனம் நோக வைக்காத வண்டி.

#6 அடையாறு வின்டேஜ்

துருப்பிடிக்காத கார் என்றால் டெலோரியன் பேச்சே வரவில்லையே? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு, இறக்கை மாதிரி மேலே திறக்கிற கதவு. வட அயர்லாந்தில் 1981 முதல் சுமார் 9,000 வண்டிதான் செய்தார்கள். உங்கள் ஊருக்குப் பொருத்தம்.

#7 மண்டபத்தான்

சார், பாத்திரக்கடை எவர்சில்வர் ரகம் அது, அழகுதான். ஆனால் கீழே குனிந்தீர்களா? டெலோரியனின் சட்டம் சாதாரண இரும்பு, மேலே எபாக்சிப் பூச்சு. பூச்சு எங்கே கீறுகிறதோ அங்கே கதை ஆரம்பம். எவர்சில்வர் குடத்தை இரும்பு முக்காலியில் வைத்த கதைதான். அந்த வகையில் டால்ஃபினும் டெலோரியனும் பங்காளிகள். ஒருவருக்குச் சினிமா வாய்ப்புக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

தவிர, அந்தக் கதவை பாம்பன் பாலத்தில் காற்றடிக்கிற நாளில் திறந்து பாருங்கள். கார் கச்சத்தீவுக்குப் போய்விடும்.

#8 டீச்சர், தேவிபட்டினம்

பெண்கள் யாரும் எழுதக்காணோம், அதனால் நான்.

அப்பாவிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. வண்டலூர் பக்கத்தில் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் செய்த வண்டி. 948 சிசி. வடிவமைத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். சின்ன வயதில் அந்தப் பெயரை நான் மிட்டாய்ப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அதில் எனக்குப் பிடித்தது பானட். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். அப்பா முன்டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, ஏதோ முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி பிளக் கழற்றுவார். நான் பக்கத்தில் அடுத்த டயரில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். அப்பா ஸ்பானரைக் கேட்டால் கொடுக்க வேண்டும், ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, திரும்புகிற வட்டம். 25 அடி போதும். நவபாஷாணம் பக்கம் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் மற்ற வண்டிகள் முன்னால் பின்னால் என்று நாலு தரம் ஆடும்போது எங்கள் ஹெரால்டு ஒரே சுற்றில் திரும்பிவிடும். அப்பா அந்த நேரத்தில் மட்டும் கண்ணாடி இறக்கி யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார்.

துரு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த வண்டியின் உடம்பு துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. ஒரே பெரிய பாடியாக அழுத்திக் கொடுக்க ஆள் கிடைக்காததால் கம்பெனி அப்படிச் செய்ததாம். அவர்களுக்கு வந்த கஷ்டம் எங்களுக்கு வசதியாகிவிட்டது. அரித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

#9 கீழக்கரை காக்கா

டீச்சர், வாய்ப்பாடு கதை பிரமாதம். உங்கள் வாப்பாவுக்குப் பிறகு வண்டி என்ன ஆச்சு?

#10 டீச்சர், தேவிபட்டினம்

வீட்டிலேயே இருக்கிறது காக்கா. தம்பி விற்கலாம் என்கிறான், நான் விடவில்லை. 50 வருஷம் தாண்டியதால் இப்போது வின்டேஜ் கணக்கில் வருகிறது. 2021-ல் வந்த விதிப்படி பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்று வரும். ஆனால் தினமும் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரிக் காரியத்துக்குத்தான். மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவர முடியாத காருக்கு 20,000 எதற்கு என்கிறான் தம்பி. பதில் சொல்லத் தெரியவில்லை.

#11 தொண்டி ஐஸ்பெட்டி

துருவைப் பற்றி மீன் வண்டிக்காரனைக் கேட்காமல் யாரைக் கேட்கிறீர்கள்?

நான் வருஷக்கணக்காக மேட்டடார் வேன் ஓட்டியவன். ஐஸ் உருகி உப்போடு மீன் ரத்தமும் சேர்ந்து சொட்டும். கடல் தண்ணீரே அதைப் பார்த்து ஒதுங்கும். என் அனுபவத்தில் கைகண்ட மருந்து இரண்டு. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிப்பது எல்லாருக்கும் தெரியும். ரோட்டுப் புழுதி அதில் ஒட்டிப் பக்கு கட்டிவிடும், அதுவே ஒரு கவசம். அடித்த அன்று மழை பெய்தால் தெருவெல்லாம் எண்ணெய், அதனால் ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மீன் எண்ணெய். மர வல்லத்துக்குப் பூசுகிறோமே, அதேதான். எங்கள் சம்மாட்டி, படகு முதலாளி, அவருடைய அம்பாசிடருக்குப் பூசினார். தரை, கதவுக்கு உள்பக்கம், டிக்கி மூலை என்று ஒரு இடம் விடவில்லை. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மை. ஆனால் அந்தக் காருக்கு அடியில் எப்போது பார்த்தாலும் ஐந்தாறு பூனை. வண்டியை எடுத்தால் முக்குவரை பின்னாலேயே ஓடிவரும். அவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு அதே வண்டிதான். மல்லிகைப் பூ முழம் முழமாகச் சுற்றினார்கள், அத்தர் தெளித்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். மக்கள் கும்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

#12 அடையாறு வின்டேஜ்

சிரித்து முடியவில்லை. ஆனால் சம்மாட்டி முட்டாள் இல்லை. ரஸ்ட்-ஓலியம் என்கிற அமெரிக்க துருத்தடுப்புப் பெயிண்ட் கம்பெனி 1921-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கப்பல் கேப்டன் ஃபெர்குசன். துருப்பிடித்த கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு மேலே பரவவில்லை என்று கவனித்தார். அதிலிருந்துதான் அந்தப் பெயிண்ட். நாற்றத்தை எடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

#13 தொண்டி ஐஸ்பெட்டி

கேப்டன் நாற்றத்தை எடுத்துக் கோடீஸ்வரர் ஆனார், சம்மாட்டி எடுக்காமல் சம்பந்தியிடம் பேச்சு வாங்கினார்.

#14 புதுமடம் பையன்

அண்ணன்மாரே ஒரு சந்தேகம். விசைப்படகில் தண்ணீருக்கு அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுவார்களே, அது கரைந்து இரும்பைக் காப்பாற்றும் என்று. அதைக் காரில் மாட்டினால்?

#15 ராம்நாடு ஒர்க்ஷாப்

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் வேலைக்கு ஆகாது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் தொடர்ச்சியாக இருந்தால்தான் மின்னோட்டம் சுற்றி வரும். படகு கடலிலேயே கிடக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் ஈரமான ஒரு சின்ன வட்டத்துக்கு வேண்டுமானால் உதவும், நாலடி தள்ளி இருக்கிற டிக்கிக்கு அது யாரோ. தகடு முழுக்கத் துத்தநாகம் முக்கி எடுத்தால் வேறு கதை.

காரைக் கடலில் போட்டு வைத்தால் கட்டி வேலை செய்யும்.

#16 மண்டபத்தான்

கடலில் போட்டு வைப்பதற்கென்றே ஒரு கார் வந்தது, தெரியுமா? ஆம்ஃபிகார். ஜெர்மனியில் 1961-லிருந்து செய்தார்கள், மொத்தம் 3,878. ரோட்டில் கார், தண்ணீரில் படகு. பின்னால் இரண்டு விசிறி. முன்சக்கரம்தான் சுக்கான். டீச்சர், உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி, அதன் எஞ்சின், உங்கள் வண்டியின் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டின் எஞ்சின், 1147 சிசி. உங்கள் வண்டிக்கு நீச்சல் தெரிந்த சித்தப்பா!

தண்ணீரில் வேகம் 7 நாட். 1965-ல் இரண்டு ஆம்ஃபிகார் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து போனது. நம் அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். நடுவில் மணல் தீடை வேறு. நீந்து, ஏறு, ஓட்டு, மறுபடி நீந்து. உலகத்திலேயே இந்தக் காருக்குப் பொருத்தமான இடம் நம் இடம்தான்.

#17 பாம்பன் ஃபைபர்

அதன் உடம்பு எதில் செய்தது?

#18 மண்டபத்தான்

இரும்பு.

#19 பாம்பன் ஃபைபர்

நினைத்தேன்.

#20 மண்டபத்தான்

தண்ணீரில் 5 மணி நேரம் ஓட்டினால் 13 இடத்தில் கிரீஸ் அடிக்கச் சொல்கிறது கையேடு. அதில் ஒரு முனைக்குப் பின்சீட்டைக் கழற்ற வேண்டுமாம். கரைக்கு வந்தால் பின்சீட்டு, கடலுக்குப் போனால் நேவி. நான் இதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#21 முகுந்தராயர் சத்திரம் ஜீப்

கடலில் காரோட்டிய அனுபவம் எங்களுக்குத்தான். 2017-ல் அரிச்சல்முனை ரோடு திறக்கிறவரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கப்புறம் தனுஷ்கோடிவரை மணலும் தண்ணீரும். பழைய ஜீப்பும் வேனும்தான் ஆளை ஏற்றிப் போகும்.

எல்லாரும் நான்கு சக்கர ஓட்டம் என்பார்கள். அதைவிட முக்கியம் டயரில் காற்றைக் குறைப்பது. டயர் சப்பையாகி யானைக்கால் மாதிரி பரந்து நிற்கும், மணலில் புதையாது. ஈரம் இருக்கிற இறுகிய மணலாகப் பார்த்துப் போக வேண்டும். எந்தக் காரணத்துக்கும் நடுவில் நிறுத்தக் கூடாது. செருப்பு விழுந்தது என்று எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள், நாங்கள் நிறுத்தினதே இல்லை. தனுஷ்கோடிக் கரையில் ஒற்றைச் செருப்புகள் கிடந்தால் அதற்கு நாங்கள்தான் காரணம்.

சாயங்காலம் அடியைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே குடம் கணக்குப் பார்க்கிற ஊரில் ஜீப்புக்கு எங்கே போவது? அதனால் ராத்திரி ஹேண்ட் பிரேக் போட மாட்டோம், சக்கரத்துக்குக் கல்தான் வைப்போம். பிரேக் பிடித்தபடி விட்டால் காலையில் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டு ஒரே உயிராகியிருக்கும். இன்றைக்கும் எங்கள் பக்கம் வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கும், பாருங்கள். மருமகன் புதுக்காரோடு விருந்துக்கு வந்தால்கூட மாமனார் கல்லோடு ஓடிவருவார்.

#22 கொழும்பில் இருந்து ராமேஸ்வரத்தான்

நான் இப்போது இருப்பது எதிர்க்கரையில். இங்கே மோரிஸ் மைனரை இன்னும் சாதாரணமாக ரோட்டில் பார்க்கலாம். இசிகோனிஸ் வரைந்த வண்டி, 1948-ல் வந்தது. பிற்பாடு மினியை வரைந்தவரும் அவரே. மைனருக்கான பாடி பாகங்களை இந்தத் தீவிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காருக்கு வெள்ளைக்காரனுக்கே மட்கார்டு!

அதில் டிராவலர் என்று ஒரு ரகம், பின்பாதி மரச்சட்டம். அலங்காரம் இல்லை, நிஜமாகவே அந்த மரம்தான் தாங்குகிறது. மரம் உளுத்தால் கார் தகுதிச் சோதனையில் தேறாது. நம் ஊர் வல்லம் கட்டுகிற ஆசாரியிடம் கொடுத்தால் காரைத் திருப்பித் தருவாரா, பாய்மரம் கட்டித் தருவாரா என்று தெரியாது.

#23 கீழக்கரை காக்கா

மரக்கார், பிளாஸ்டிக் கார் எல்லாம் வந்தாச்சு. பனை ஒன்றுதான் பாக்கி.

#24 மண்டபத்தான்

கிட்டத்தட்ட அதுவும் உண்டு காக்கா. கிழக்கு ஜெர்மனியின் டிரபான்ட். எஃகுத் தகடு கிடைக்காத நாடு, அதனால் கழிவுப் பஞ்சையும் ரெசினையும் சேர்த்து அழுத்தி உடம்பு செய்தார்கள். அதற்கு டியூரோபிளாஸ்ட் என்று பெயர். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே, பம்ப் கிடையாது. பெட்ரோல் தானாக இறங்கும், நம் வீட்டு மேல்நிலைத் தொட்டி மாதிரி. முப்பது லட்சத்துக்குப் பக்கத்தில் விற்றது. பஞ்சில் முடியுமென்றால் பனைநாரில் முடியாதா? சாயல்குடிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டின தூரம் பனைதான்.

சிட்ரோயன் 2சிவி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக எழுத நினைத்தது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது, இதுதான் வடிவமைத்தவர்களுக்குக் கொடுத்த உத்தரவு. இந்தக் காலத்தில் கம்பெனிகள் கப் வைக்க எத்தனை குழி என்று யோசிக்கின்றன. யாராவது முட்டையைப் பற்றி யோசிக்கிறார்களா?

#25 பாம்பன் ஃபைபர்

மண்டபத்தாரே, பேசிக்கொண்டே இருக்கிறீர்களே, உங்களிடம் டால்ஃபின் இருக்கிறதா இல்லையா?

#26 மண்டபத்தான்

இல்லை. ஒரு பழைய மாருதி 800-தான் இருக்கிறது. ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.

#27 பாம்பன் ஃபைபர்

பெரியபட்டினம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் ஒன்று நிற்கிறது. படகு வேலைக்குப் போனபோது பார்த்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் அது என்ன கார் என்றே தெரிந்தது. வெளுத்த பச்சை. முன்பக்கம் வலது மூலையில் ஒரு ஓட்டை, என் கை போகும். விலாசத்தைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் போங்கள்.

#28 ராம்நாடு ஒர்க்ஷாப்

போகும்போது ஸ்குரூ டிரைவர் எடுத்துப்போங்கள். சுத்தி வேண்டாம். சேசிஸில் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சட்டம் வளைகிற இடத்தில் குத்திப் பாருங்கள். பெயிண்டை நம்பாதீர்கள்.

#29 மண்டபத்தான்

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன்.

தோப்பு கடலிலிருந்து கூப்பிடு தூரம். கார்மேல் தென்னை மட்டை விழுந்து கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. காக்கா கவனிக்கவும். தண்ணீர் ஊற்றிக் கைத்துண்டால் துடைத்தேன், ஃபைபர் சொன்ன மாதிரியே உள்ளங்கையெல்லாம் பச்சைச் சுண்ணாம்பு. கதவு ஒரே இழுப்பில் திறந்தது. இத்தனை வருஷம் நின்ற காரில் கதவு திறந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒர்க்ஷாப் அண்ணன் சிரிக்கக் கூடாது.

அப்புறம் மணலில் மல்லாந்து படுத்து அடியில் போனேன். இடது பக்கம் குத்தினேன், டங் என்றது. வலது பக்கம் குத்தினேன், சத்தமே இல்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்தால் அதோடு ஒரு பிடி செம்மண் மாதிரி கொட்டியது. வாயிலும் கொஞ்சம் விழுந்தது. உப்புக் கரித்தது.

#30 ராம்நாடு ஒர்க்ஷாப்

சிரிக்கவில்லை. ஒரு பக்கம்தானே? இரண்டடிக்குப் பெட்டி இரும்பு வைத்து வெல்டு பண்ணிவிடலாம். வெல்டு வைக்கும்போது மட்டும் ஃபைபருக்கு ஈரச் சாக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் மேலே தீப் பிடித்துக்கொள்ளும். பேசி முடித்தீர்களா?

#31 மண்டபத்தான்

பேசினேன். வீட்டுக்கார அம்மா விலையெல்லாம் கேட்கவில்லை, “எடுத்துட்டுப் போங்க தம்பி, இடம் அடைக்குது” என்றார். சந்தோஷமாகப் பின்கதவைத் தூக்கினேன். பின்சீட்டில் ஒரு கோழி. பன்னிரண்டு முட்டைமேல் அடைகாக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தது, எழுந்திருக்கவே இல்லை.

அம்மா உடனே பேச்சை மாற்றிவிட்டார். அடைக்கோழியை அசைக்கக் கூடாதாம், பொரித்த பிறகுதான் வண்டியாம். கட்டி இழுத்தால் மெதுவாகப் போகலாம், முட்டை உடையாது, ஃபிரான்ஸில் இதற்கென்றே கார் செய்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையும் கோழியின் பார்வையும் ஒன்றாக இருந்தது.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறதாம். இன்னும் பன்னிரண்டு நாள். ஃபைபர் தம்பி, மேட்டும் ரெசினும் வாங்கி வையுங்கள், ஹார்டனர் இப்போது வேண்டாம்.